தம்பி கதைத்த கிரேக்கம்

போன மாதம் ஹேர்னிங்கில் ஓர் ஐம்பதாவது பிறந்தநாள் விழா. யாருடையது என்று எழுத மாட்டேன். வயதைச் சொன்னதற்கே இன்னும் ஒரு வருடம் என்னோடு கதைக்க மாட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வெளியே போனபின் நாங்கள் ஒத்த வயதுக்காரர் மட்டும் ஒரு மேசையைச் சுற்றி மிஞ்சினோம். தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த டென்மார்க்குக்கு வந்து இறங்கிய கூட்டம். இப்போது முழங்கால் வலிக்கு எந்தப் பூச்சு நல்லது என்று ஆராயும் கூட்டம். அங்கேதான் யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்: பள்ளிக்கூடத்தில் நீங்கள் முதலில் பிடித்த டேனிஷ் சொல் எது? ஒருவர் பால் என்றார். ஒருவர் மழை என்றார். ஒருவர் சபையில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். என் முறை வந்தபோது நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பிவிட்டேன். உங்களில் சிலர் அதைக் கவனித்திருக்கிறீர்கள். பிறகு தொலைபேசியில் கேட்டும் விட்டீர்கள்.

சொல்கிறேன். நான் முதலில் பிடித்த சொல் டேனிஷ் இல்லை, கிரேக்கம். என் தம்பியும் அதைத்தான் பிடித்தான்.

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அப்பா எங்களுக்கு முன்னமே வந்து தலைநகர்ப் பக்கம் புரொண்பியில் ஒரு மாடி வீடு எடுத்திருந்தார். அம்மாவும் நானும் தம்பியும் கோடை முடிகிற நேரம் வந்து சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. கொம்யூன் என்கிற நகரசபையில் எங்களை, பாஷை தெரியாத புதுப் பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பில் போடலாம் என்றார்கள். உங்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்துதான் வந்தீர்கள், நன்றாகத்தான் வந்தீர்கள். ஆனால் அப்பா அந்த வகுப்பை ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் நிலத்தில் இருந்து மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது போதும்.

"படிக்க ஏலாத பிள்ளையளோட எங்கட பிள்ளையளை இருத்தப் போறாங்கள்," என்று வீட்டுக்கு வந்து கொதித்தார்.

அந்தக் கிழமையே, துப்புரவு வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் வழியில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் வாசலில் ஒரு சுவாமியாரைக் கண்டார். கறுப்பு அங்கி, நெஞ்சுவரை தாடி, கழுத்தில் சிலுவை. அவர் துளசி போன்ற ஒரு கொத்தைத் தண்ணீரில் தோய்த்து, வரிசையில் நின்ற பிள்ளைகளின் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார். அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தானும் தலை குனிந்து ஒரு துளி வாங்கிக்கொண்டாராம்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? சுவாமிமார் நடத்தும் கல்லூரி என்றால் எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். சைவப் பிள்ளைகளும் அங்கே இடம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். அப்பாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அந்த மதிலைச் சுற்றிச் சைக்கிள் ஓடி வளர்ந்தவர் அவர். இப்போது கடல் கடந்து வந்த இடத்தில் அதே கல்லூரி தன் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பதாக நினைத்துவிட்டார். வாசலுக்கு மேலே விளங்காத எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. நல்ல கல்லூரிகளின் வாசலில் லத்தீனில் ஒன்று எழுதியிருக்கும்தானே என்றார். உள்ளே நீலமும் வெள்ளையுமாகக் கொடி தொங்கியது. கல்லூரிக் கொடி என்றார்.

அது கிரேக்கக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பெற்றோர் கூடி ஒரு பள்ளியைத் தொடங்கினால் அரசு செலவில் பெரும் பகுதியைத் தரும் என்பது இந்த நாட்டு வழக்கம். பிள்ளைகளின் தொகை குறைந்தால் அந்த உதவி நின்றுவிடும். அங்கே தொகை குறைந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியை, உயரமான, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடும் ஒரு பெண், அப்பாவிடம் நெடுநேரம் விளக்கினாராம். அவர் கதைத்ததும் அரைகுறை டேனிஷ், அப்பாவுக்கு விளங்கியதும் அரைகுறை டேனிஷ். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

நீயுமா பிள்ளை கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். கடையில், பஸ்ஸில் சனங்கள் கதைத்தது வேறு மாதிரி இருந்தது உண்மைதான். ஆனால் தமிழிலும் வீட்டில் ஒன்று கதைக்கிறோம், புத்தகத்தில் ஒன்று படிக்கிறோம். இவர்களுக்கும் அப்படித்தான், சந்தையில் கதைப்பது ஒன்று, பள்ளியில் படிப்பது ஒன்று என்று நான் முடிவு செய்துவிட்டேன். அங்கே டேனிஷ் படிப்பிக்க ஒருவர் இருக்கத்தான் இருந்தார். அந்த இலையுதிர் காலத்தில் அவர் பிள்ளைப்பேற்றுக்காக விடுப்பில் போனவர், நாங்கள் இருந்தவரைக்கும் திரும்பி வரவில்லை.

இனித் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அப்போது கதைக்க மாட்டான். பிறவியில் அப்படி இல்லை, ஊரில் வாயாடி. கொழும்பில் விமானத்துக்காகக் காத்திருந்த நாட்களில்தான் அது நடந்தது. பொது இடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று வெளியே வந்தாலும் ஆபத்து என்று எல்லாரும் பயந்த காலம். நெரிசலான பஸ்ஸில் அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டி, "அம்மா, அங்க..." என்று தொடங்கினான். முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவன் வாயைப் பொத்தினார், மூக்கையும் சேர்த்து. இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. அன்றைக்கு நின்றது அவன் பேச்சு. டென்மார்க்குக்கு வந்தபிறகு அம்மா அவனை மடியில் வைத்து, "கதை ராசா, இஞ்ச ஆரும் ஒண்டும் செய்ய மாட்டினம்," என்று எத்தனையோ தரம் கெஞ்சினார். அவன் அம்மாவின் வாயையே பார்ப்பான். தலையாட்டுவான். அவ்வளவுதான்.

"வெக்கம். போகப் போகச் சரிவரும்," என்றார் அப்பா.

அந்தப் பள்ளியில் ஈரக் கம்பளியின் வாசனை இருந்தது. வெப்பக் குழாயின்மேல் எல்லாருடைய கையுறையும் காயப் போட்டிருக்கும்; அதோடு எலுமிச்சையும் ஏதோ காய்ந்த இலையும் சேர்ந்து மணக்கும். மத்தியானம் நீண்ட மேசையில் பாணும் சீஸும் கறுப்பாக ஒரு பழமும் வைப்பார்கள். ஒலிவ் பழத்தை அதற்குமுன் கண்டிராத நான் நாவற்பழம் என்று ஆசையோடு கடித்தேன். உப்பும் கசப்புமாக வாய் சுருண்டது. துப்ப வெட்கப்பட்டு விழுங்கினேன், கொட்டையோடு. எதிரே இருந்த தம்பி என்னைப் பார்த்துவிட்டுத் தன் பழத்தை மேசைக்கு அடியில் போட்டான். ஒரு கிழமை கழித்து அவன் மற்றவர்களுடையதையும் வாங்கித் தின்றான்.

அவனிடம் யாரும் "ஏன் கதைக்கிறாயில்லை?" என்று கேட்கவில்லை. புதுப் பிள்ளைக்குப் பாஷை தெரியாது, அதனால் கதைக்கவில்லை என்று இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். இதன் அருமை எனக்கு இப்போது விளங்குகிறது. எங்கள் வீட்டில் அவன் மௌனம் ஒரு நோய். அங்கே அது ஒரு சாதாரண விஷயம்.

முற்றத்தில் பையன்கள் பந்து அடிப்பார்கள். சின்னவன் என்பதால் அவனைக் கோல் காக்க விட்டார்கள். இலையெல்லாம் கொட்டி, நிலம் சேறாகிப் போன ஒரு நாள், பந்து உயர்ந்து வந்தது. பெரியவன் ஒருவனும் தம்பியும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். அப்போது ஒரு குரல் கத்தியது: "திக்யா மூ!" என்னுடையது என்று அர்த்தம். விளையாட்டில் எல்லாரும் கத்துவதுதான். நான் சுவரோரம் கயிறடித்துக்கொண்டிருந்தேன். கயிறு காலில் சிக்கி நின்றது. அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். கொஞ்சம் கரகரப்பு, ஊரில் மாமரத்தில் ஏறி நின்று என்னைப் பழிக்கிற அதே குரல். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் கிடந்தான். நான் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. மார்கழி முடிவதற்குள் வீட்டிலும் கதைத்தான், குசினியில், கட்டிலில், பாத்ரூமுக்குள் இருந்தும். எல்லாம் கிரேக்கம். தமிழில் வாயைத் திறந்தால் ஒரு கை வந்து பொத்தும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். இந்தப் புதுப் பாஷையில் இன்னும் யாரும் அவனைப் பொத்தவில்லை. ஒரு பிள்ளைக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஆனால் இதைச் சொல்ல அன்றைக்கு வீட்டில் யாருமில்லை.

அப்பாவும் அம்மாவும் அது டேனிஷ் என்றே நம்பினார்கள். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினார். அப்பா கதிரையில் சாய்ந்து அவனைக் கதைக்கச் சொல்லிக் கேட்பார்.

"என்னோட வேலை செய்யிற டேனிஷ்காரர் சொல்லுக்குப் பாதியை விழுங்குறாங்கள். எங்கட பெடியன் கதைக்கேக்க எழுத்து எழுத்தா விழுகுது. சுவாமிமாற்ர படிப்பெண்டால் அதுதான்!"

அந்த மாதங்கள்தான் எங்கள் வீடு சந்தோஷமாக இருந்த காலம். பிறகு நல்ல காலங்கள் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா வேலை செய்தபடி பாடியதை நான் அந்த மாதங்களில்தான் கேட்டேன்.

பங்குனி, அதாவது மார்ச், இருபத்தைந்தில் பள்ளியில் விழா. எங்களுக்கு அது மங்கள வார்த்தைத் திருநாள், கபிரியேல் சம்மனசு என்ற தேவதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன நாள். அவர்களுக்கு அதோடு நாட்டின் விடுதலை நாளும். அம்மா கல்யாணச் சேலை உடுத்தார். அப்பா ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து ஒரு மாமாவை வரவழைத்தார். சொந்தமில்லை, அப்பாவின் ஊர்ச் சிநேகிதர். எங்களுக்கு முதலே வந்தவர், தொழிற்சாலையில் வேலை, டேனிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைகளின் டேனிஷை விளங்கிக்கொள்ளக் கூடிய ஒருவர் வந்து மெச்ச வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை.

திரை விலகியது. தம்பி நடுவில் நின்றான். கிரேக்க வீரர் அணியும் மடிப்பு மடிப்பான வெள்ளைப் பாவாடை, சிவப்புத் தொப்பி, நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த சப்பாத்து. "சம்மனசு மாதிரி," என்று அம்மா என் தோளைப் பிடித்தார். அவன் நெஞ்சை நிமிர்த்தி ஒரு பாட்டைச் சொல்லத் தொடங்கினான். கடைசி வரிசைவரை கேட்டது. ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

மாமா அப்பாவின் பக்கம் சாய்ந்தார். "அண்ணை, பெடியன் என்ன சொல்லுறான்?"

"டேனிஷ்தான். வடிவாக் கேளும்."

"அண்ணை, இதில ஒரு சொல்லும் டேனிஷ் இல்லை."

மாமா பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் கிரேக்கப் பெண்ணைக் கட்டிய டேனிஷ்காரர். சிரித்துக்கொண்டே, மிக மரியாதையாக, பதில் சொன்னார். மாமா அதை அப்பாவின் காதில் சொன்னதை நான் பார்த்தேன். அப்பா கொடியைப் பார்த்தார், சுவாமியாரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். அந்த நேரம்தான் மண்டபம் எழுந்து கை தட்டியது. அம்மா எல்லாருக்கும் மேலாகத் தட்டினார், கன்னமெல்லாம் நனைந்து. தம்பி மேடையில் இருந்து எங்களைத் தேடினான். அப்பா தன் கையை மடியில் இருந்து எடுக்கவில்லை.

வீட்டில் மாமா தேத்தண்ணி குடித்தபடி நியாயமாகத்தான் கதைத்தார். "இப்ப மாத்தாட்டிப் பிந்திப்போகும் அண்ணை. இந்த நாட்டில கிரேக்கத்தை வைச்சு என்ன செய்யிறது? உங்கட பிள்ளையளின்ர தலையை எண்ணித்தான் அவைக்கு அரசாங்கம் உதவுது."

"இஞ்சாருங்கோ," என்றார் அம்மா, "எந்தப் பாஷையெண்டால் என்ன? பிள்ளை கதைக்குதெல்லே."

"கதைச்சு? ஆரோட கதைக்கிறது? உம்மோடயா, என்னோடயா?"

அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அப்பா சொன்னதிலும் பிழை இல்லை. அவர் கெட்டவர் இல்லை, நண்பர்களே. தன் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று பனியில் சைக்கிள் ஓடிய மனிதர். ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டதே என்ற வெட்கம் அவர் கண்ணை மறைத்தது.

அடுத்த கிழமை தலைமை ஆசிரியை தேன் சொட்டும் பலகாரத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். நான்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன், கிரேக்கத்தில் இருந்து தமிழுக்கு. இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியாமல் இருக்கிறது. கோடை விடுமுறை வரைக்குமாவது தம்பியை விடுங்கள் என்றார். இந்தப் பிள்ளைக்கு இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது, அதை இன்னொரு தரம் மூட விடாதீர்கள் என்றார். நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவருக்குத் தொகை தேவைப்பட்டது என்பது உண்மை. அவர் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை.

"நன்றியெண்டு சொல்லு பிள்ளை. வேற ஒண்டும் சொல்லாத," என்றார்.

புதுப் பள்ளிக்குப் போன காலை, பஸ் வேறு பக்கம் திரும்பியதும் தம்பி அப்பாவின் கையை இழுத்து, பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் என்று கிரேக்கத்தில் சொன்னான். சத்தமாகச் சொன்னான். பஸ்ஸில் சிலர் திரும்பினார்கள். அப்பா விரலை உதட்டில் வைத்தார். "அந்தப் பாஷையை இனி வாயில எடுக்கப்படாது, விளங்கிச்சோ?"

ஆனாலும் அவன் உடனே நிறுத்தவில்லை. புது ரீச்சரிடம் சில நாட்கள் கிரேக்கத்தில் கதைத்தான். அவர் நல்ல மனுசி. அதைத் தமிழ் என்று எண்ணி மகிழ்ந்து, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்து, அப்பாவையும் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பாளர் கேட்டுவிட்டு, இது தமிழ் இல்லை என்றார். அப்போது ரீச்சர் தம்பியின் தலையைத் தடவி, பாவம், தானே ஒரு பாஷையை உண்டாக்கிக் கதைக்கிறான் போலிருக்கிறது என்றார். அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் முழுக் கதையும் வெளியே வரும். எனக்கு உண்மை தெரியும், டேனிஷில் சொல்லத் தெரியாது, மொழிபெயர்ப்பாளரிடம் தமிழில் சொல்ல அப்பா பக்கத்தில் இருந்தார். ஸ்ட்ராபெரி பழுக்கும் காலம் வருவதற்குள் தம்பியின் பேச்சு மறுபடி நின்றுவிட்டது. கிரேக்கப் பள்ளியும் அந்தக் கோடையோடு மூடிவிட்டது. நான் வளர்ந்தபின் போய்ப் பார்த்தேன், அங்கே கம்பளம் விற்றார்கள்.

பிறகு அவனுக்கு டேனிஷ் வந்தது, தேவைக்கு மட்டும். பண்டகசாலையில் வேலை செய்கிறான், புரொண்பியில் தனியே இருக்கிறான். அவன் டேனிஷ் ஓம், இல்லை, நாளைக்கு, நல்லது என்பதோடு முடிந்துவிடும். தமிழ் விளங்கும், கதைக்க மாட்டான். உங்கள் வீட்டு விழாக்களுக்கு வந்து ஓரமாக நின்று கதிரை அடுக்கிவிட்டுப் போவானே, அவன்தான். பெருமைக்காரன் என்று சிலர் சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது.

அம்மா போன வருடம் காலமானார். கடைசி நாட்களில் கட்டிலருகே இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இந்த முறை, கதை ராசா என்று கெஞ்சவில்லை.

அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து அப்பா தான் மாலைப் பள்ளிக்குப் போவதாகச் சொன்னார். இந்த நாட்டில் ஓய்வு பெற்றவர்கள் மண்பாண்டம் வனையவும் கணினி பழகவும் போவார்களே, அதுதான். எண்பது வயதில் எதையாவது பழகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

கடந்த மாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், தம்பி வீட்டுக்குத் தன்னைக் கூட்டிப் போகச் சொன்னார். கோட் சூட் போட்டிருந்தார். காரில் உதடு அசைந்துகொண்டே வந்தது. செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். தம்பி கதவைத் திறந்தான். அப்பா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றபடி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"தி கானிஸ், பெதி மூ?"

எப்படி இருக்கிறாய், என் பிள்ளை? எனக்குள் அந்தப் பாஷை எப்போதோ உதிர்ந்துபோய்விட்டது, ஆனாலும் இது விளங்கியது. கிரேக்கத் தீவுகளுக்கு விடுமுறை போகும் டேனிஷ் கிழவர்களோடு மாலைப் பள்ளியின் ஒரே வாங்கில் இருந்து, குளிர்காலம் முழுவதும் அப்பா படித்தது இதற்காகத்தான். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, டேனிஷில், தாழ்ந்த குரலில் கேட்டான்: "அப்பா என்ன சொல்லுறார்?"

அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் அவனிடம் மிஞ்சியிருக்கவில்லை.

அப்பா தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ பிள்ளை?"

"இல்லையப்பா," என்றேன். "சரியாத்தான் சொன்னனீங்கள்."